பத்து வயதுக்கு இருட்டுக் கதைகள் தரலாமா?

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. சூனியக்காரி, பேய்க்காடு, ஆளை விழுங்கும் வீடு என்று டார்க் ஃபேன்டஸி சிறுகதைகளாகத் தேடித் தேடிப் படிக்கிறாள். பிள்ளை மனசு கெட்டுப்போகும் என்கிறார் என் மாமியார். நிறுத்திவிடலாமா? (வாசகி, சேலம்)

பதில்: நிறுத்தாதீர்கள். எந்தக் கதை என்று மட்டும் பார்த்துக் கொடுங்கள். ஹான்சல், கிரேட்டல் என்ற அண்ணன் தங்கை காட்டில் ஒரு சூனியக்காரியிடம் மாட்டிக்கொள்ளும் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் ஜெர்மனியில் 1812இல் வெளியிட்ட முதல் பதிப்பில், வீட்டில் சாப்பாட்டுக்கு வழியில்லாதபோது பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிடலாம் என்று சொல்பவள் பெற்ற தாயேதான். பிந்தைய பதிப்புகளில் அவளைச் சித்தியாக மாற்றிவிட்டார்கள். அந்த மாற்றம் பிள்ளைகளுக்காக என்பதைவிட, பெரியவர்களின் சங்கடத்துக்காக என்றே எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் பிள்ளைகள் அந்தக் கதையில் பிடித்துக்கொள்வது வேறு இடத்தை. சூனியக்காரிக்குப் பார்வை மங்கல், தின்பதற்காக அடைத்து வைத்த ஹான்சல் கொழுத்துவிட்டானா என்று பார்க்க விரலை நீட்டச் சொல்கிறாள், அவனோ ஒரு சின்ன எலும்பை நீட்டி நீட்டி ஏமாற்றுகிறான். கடைசியில் அடுப்புக்குள் எப்படிப் போவதென்றே தெரியாதவள்போல நடித்து, சூனியக்காரியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துபவள் கிரேட்டல், அதாவது ஒரு சின்னப் பெண். எவ்வளவு பயங்கரமாக இருந்தாலும் பிள்ளைக்கு அங்கே செய்வதற்கு ஏதோ இருக்கிறது, அது போதும்.

இதற்கு நேர் எதிராக, டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் 1845இல் எழுதிய சிவப்புக் காலணிகள் கதை. தேவாலயத்துக்குச் சிவப்புக் காலணி போட்டுப் போன பெண்ணின் கால்கள் நிற்காமல் ஆடுகின்றன, தாங்க முடியாமல் கொலைத்தண்டனை நிறைவேற்றுபவனிடம் போய்க் காலை வெட்டச் சொல்கிறாள், வெட்டிய பிறகும் காலணிகள் ஆடிக்கொண்டே போகின்றன. எழுத்து அபாரம்தான். ஆனால் ஆசைப்பட்ட குற்றத்துக்கு இப்படியொரு தண்டனை வரும் கதையை ஒரு பத்து வயதுப் பெண்ணிடம் தனியாகப் படிக்கக் கொடுக்க எனக்கு மனம் வராது. பதினாலு வயதில் தாராளமாகப் படிக்கட்டும்.

கேள்வி: ராத்திரி தூங்கும் முன் இவற்றைப் படித்துக் காட்டலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: காட்டலாம், பாதியில் மட்டும் நிறுத்தக் கூடாது. ஒரே மூச்சில் முடிந்துவிடுவதுதான் சிறுகதையின் வசதி. மிச்சத்தை நாளைக்குச் சொல்கிறேன் என்று விளக்கை அணைத்தால் பிள்ளை மீதிக் கதையைத் தானே கட்டிக்கொள்ளும், அது நூலில் இருப்பதைவிடப் பயங்கரமாக இருக்கும்.

கேள்வி: இளையோருக்காக இந்த வகையில் எழுத ஆசை. ரத்தம், பிசாசு எல்லாம் வைத்தும் பயமே வரவில்லை என்கிறார்கள் நண்பர்கள். என்ன குறை? (மாணவர், நாகர்கோவில்)

பதில்: எல்லாவற்றையும் காட்டிவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். லூசி கிளிஃபோர்ட் என்ற ஆங்கில எழுத்தாளர் 1882இல் ஒரு சிறுகதை எழுதினார். இரண்டு சிறுமிகள் வேண்டுமென்றே குறும்பு செய்துகொண்டே போகிறார்கள், இப்படியே இருந்தால் நான் போய்விடுவேன், உங்களுக்கு ஒரு புது அம்மா வருவாள் என்கிறாள் தாய். அந்தப் புது அம்மாவுக்குக் கண்ணாடிக் கண்கள், மரத்தால் ஆன வால். அவ்வளவுதான் வர்ணனை! ரத்தம் ஒரு சொட்டுக்கூட இல்லை. அம்மா, வீடு, சமையலறை என்று அன்றாடம் பழகிய ஒன்றில் ஒரே ஒரு விஷயம் கோணலாகிவிட்டது, அதுதான் நடுக்கம். பேய்க்கு எத்தனை பல் என்று யோசிப்பதை விட்டுவிட்டு, உங்கள் பாத்திரத்துக்கு ரொம்பப் பழகிய இடம் எது, அதில் எது மாறினால் அவனுக்கு வயிற்றைக் கலக்கும் என்று யோசியுங்கள். அப்புறம், முடித்ததும் ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் அது சலித்துப்போய் நெளிய ஆரம்பிக்கிறதோ அந்தப் பத்தியை யோசிக்காமல் வெட்டிவிடுங்கள்.