ஆர்மீனியத் தலைவர்களும் தளபதிகளும்: வாசகர் கேள்விகள்

கே: மிக் விமானம் செய்த மிகோயனும் சோவியத் தலைவர் மிகோயனும் ஒரே ஆளா?

இல்லை, அண்ணன் தம்பி. அண்ணன் அனஸ்தாஸ் அரசியல், தம்பி ஆர்த்தெம் விமானம். சனாஹின் என்ற மலைக் கிராமத்துப் பிள்ளைகள்.

கே: ரோமர்கள் திக்ரானைத் தோற்கடித்தது எந்த ஆண்டு?

எந்த திக்ரான்? அந்தப் பெயரில் பல மன்னர்கள் உண்டு. பெயரோடு காலத்தையும் எழுதுங்கள் என்று எத்தனை முறை சொல்வது! நீங்கள் கேட்பது ‘மகா’ திக்ரான் என்றால், கி.மு. 69இல் தன் தலைநகரான திக்ரனகெர்த்தில் ரோமத் தளபதி லுக்குல்லஸிடம் தோற்றார். மூன்று ஆண்டு கழித்து, அடுத்து வந்த ரோமத் தளபதி பாம்பேயிடம் பணிந்து, ஆர்மீனியாவை மட்டும் தக்கவைத்துக்கொண்டார்.

கே: வர்தான் மாமிகோனியன் அவராயர் போரில் வென்றாரா?

வெல்லவில்லை. கி.பி. 451இல், ஆர்மீனியர்களின் கிறிஸ்தவ மதத்தைக் காக்க, பாரசீகப் படையோடு மோதி அங்கேயே இறந்தார். ஆனால் எதிர்ப்பு ஓயவில்லை. முப்பத்து மூன்று ஆண்டு கழித்து, 484இல், அவருடைய தம்பி மகன் வஹான் பாரசீகரோடு செய்த நுவர்சாக் உடன்படிக்கையில் மத உரிமையை வாங்கினார். போர் முடிந்த நாளோடு கதையை நிறுத்திவிடாதீர்கள்.

கே: சர்தாராபாத் போரில் ஆந்த்ரானிக் எத்தனை பேருடன் நின்றார்?

அவர் அந்தக் களத்திலேயே இல்லை. மாதம் ஒரு கடிதமாவது இப்படி வருகிறது, மனம் வலிக்கிறது. ஆந்த்ரானிக் பெரிய போராளி, அதில் சந்தேகமே இல்லை. அந்தப் போருக்குப் பின் துருக்கியோடு ஆர்மீனியா செய்த பாத்தும் உடன்படிக்கையை ஏற்க மறுத்து, தன் படையுடன் தெற்கே சங்கெசூர் மலைப்பகுதிக்குப் போனவர். அதற்காக எல்லா வெற்றியையும் அவர் கணக்கிலேயே எழுதுவதா?

1918 மே கடைசியில் துருக்கிப் படை இன்றைய தலைநகர் யெரெவானை நெருங்கியது; சர்தாராபாத் அதற்கு மேற்கே. நகரத்தில் ஆளையும் தானியத்தையும் திரட்டியவர் அராம் மனுக்கியன். களத்தில் படை நடத்தியவர் மோவ்செஸ் சிலிக்கியன், அவருக்குக் கீழே தானியேல் பெக்-பிருமியன். அதே நாட்களில் வடக்கே பாஷ் அபரானில் துருக்கியரைத் தடுத்து நின்றவர் தளபதி துரோ. பின்னாளில் சோவியத் மார்ஷல் ஆன பாக்ராமியனும் அன்று சர்தாராபாத்தில் இளம் அதிகாரி. சுமார் ஒரு வாரச் சண்டை. அது முடிவதற்குள் மே 28இல் ஆர்மீனியக் குடியரசே பிறந்துவிட்டது.

அப்புறம் என்ன ஆனது? அந்தக் குடியரசின் முதல் உள்துறை அமைச்சரான அராம், எட்டே மாதத்தில் தைஃபஸ் காய்ச்சலில் போய்விட்டார் (டைஃபாய்டு வேறு, குழப்ப வேண்டாம்). சிலிக்கியனை 1937இல் சோவியத் அரசு சுட்டுக் கொன்றது. இவ்வளவு கொடுத்தவர்களின் பெயரை நாம் விட்டுவிடலாமா? தயவுசெய்து, பெயர் எழுதுமுன் அந்த மாதம் யார் எங்கே இருந்தார் என்று பாருங்கள்.

கே: நாடாளுமன்றத்தில் சுடப்பட்டவர் அதிபர் சர்கிசியன்தானே?

மறுபடியும் பெயர்க் குழப்பம். 1999 அக்டோபர் 27இல் கொல்லப்பட்டவர் பிரதமர் வாஸ்கென் சர்கிசியன். சபாநாயகர் கரேன் தெமிர்ச்சியன் உட்பட எட்டுப் பேர் இறந்தார்கள். செர்ஷ் சர்கிசியன் வேறு, அவர் அதிபரானது 2008இல்.

கே: சென்னை ஆர்மீனியர்கள் வெறும் வணிகர்கள்தானே? அரசியலில் என்ன பங்கு?

‘வெறும்’ வேண்டாம். அரண்மனைக்காரன் தெரு என்று நாம் சொல்வது ஆர்மீனியக்காரன் தெருதான். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மதராஸ் வணிகரான ஷாஹாமிர் ஷாஹாமிரியன் இங்கே அச்சகம் நடத்தினார். அப்போது ஆர்மீனியா பாரசீக, துருக்கிய ஆட்சிகளுக்குள் கிடந்தது. இல்லாத அந்த நாட்டுக்கு அவரைச் சேர்ந்த குழு ஓர் அரசியல் சட்டமே எழுதி அச்சிட்டது. அதில் பரம்பரை மன்னருக்கு இடமில்லை, மக்கள் தேர்ந்தெடுக்கும் சபைக்குத்தான் அதிகாரம்.