வரி ஆராய்ச்சி செய்ய விரும்பும் மகளும், எம்பிஏ சொல்லும் மாமாவும்

பொருளாதாரத்தில் பட்டப்படிப்பு முடிக்கப்போகும் மகளைப் பற்றி, படிப்பு ஆலோசகரான எனக்கு ஒரு அம்மா நீளமாக எழுதியிருந்தார். மகளுக்கு வளரும் நாடுகளின் வரிக்கொள்கையிலும் வரி நிர்வாகத்திலும் ஆராய்ச்சி செய்ய ஆசை. அது என்ன வேலை, யார் சம்பளம் தருவார்கள் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. "வரி மேல அவ்வளவு ஆசைன்னா ஆடிட்டராகட்டும். இல்லேன்னா கடன் வாங்கி வெளிநாட்டுல எம்பிஏ படிக்கட்டும். ஆராய்ச்சின்னு போனா முப்பது வயசு வரைக்கும் நீங்கதான் பார்த்துக்கணும்" என்று தாய்மாமா சொல்லிவிட்டாராம். அப்பா கல்விக்கடன் விண்ணப்பத்தையும் வாங்கி வைத்துவிட்டார். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லச் சொல்கிறார் அம்மா.

ஆறுதல் இவ்வளவுதான்: மகள் தனக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்தவள், அது பெரிய விஷயம். இனி நான் எழுதுவது உங்கள் அண்ணனுக்குப் பிடிக்காது, அம்மா.

அந்த விண்ணப்பத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். வேலை அனுபவமே இல்லாத பெண், விருப்பமே இல்லாத படிப்புக்கு, குடும்பத்தின் பெயரில் கடன் வாங்கிப் போனால், படிப்பு முடிந்ததும் அவள் எந்த வேலைக்குப் போவாள் என்பதை அந்த மாதத் தவணைதான் முடிவு செய்யும். எம்பிஏ கெட்ட படிப்பு இல்லை. நாலைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு, தனக்கு அது ஏன் தேவை என்று தெரிந்தபின் போகிறவர்களுக்கு நல்ல படிப்புதான். ஆடிட்டர் படிப்பு, அரசுத் தேர்வு இரண்டையும் பற்றி உங்கள் வீட்டில் எல்லோருக்கும் என்னைவிட அதிகம் தெரியும் போலிருக்கிறது, அதனால் விட்டுவிடுகிறேன்.

மாமா குழம்பியிருக்கும் இடம் ஒன்று உண்டு. ஆடிட்டர் பார்ப்பது ஒரு நிறுவனத்தின் வரிக்கணக்கை. உங்கள் மகள் கேட்பது வேறு கேள்வி. வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓஇசிடி நாடுகளில் வரி வருவாய் சராசரியாக ஜிடிபியில், அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில், சுமார் 34 சதவீதம். ஆப்பிரிக்க நாடுகளில் சுமார் 16 சதவீதம்தான். ஏழை நாடு என்பதால் மட்டும் இவ்வளவு இடைவெளி வந்துவிடாது. சட்டம் இருக்கிறது, அலுவலகம் இருக்கிறது, பணம் மட்டும் வருவதில்லை. ஏன் வருவதில்லை என்று ஆதாரத்தோடு கண்டுபிடிப்பதுதான் இந்தத் துறை.

பழைய உதாரணம் ஒன்று சொல்கிறேன். கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டார் 1956ல் இந்திய அரசுக்கு ஒரு அறிக்கை கொடுத்தார். வருமானத்தை மட்டும் பார்க்காமல் செலவின் மீதும் வரி போடலாம் என்பது அவர் யோசனைகளில் ஒன்று. காகிதத்தில் அழகான யோசனை. 1957ல் சட்டமானது, 1962ல் கைவிடப்பட்டது, 1964ல் திரும்ப வந்தது, 1966ல் போயே போய்விட்டது. வசூல் சொற்பம். ஒவ்வொருவரும் என்ன செலவழித்தார் என்று கண்டுபிடிக்க அன்றைய நிர்வாகத்திடம் வழி இல்லை. நல்ல கொள்கை நடைமுறையில் எங்கே இடறுகிறது என்ற அந்தக் கேள்விதான் இன்று தரவுகளோடும் பரிசோதனைகளோடும் தனி ஆராய்ச்சித் துறையாக வளர்ந்திருக்கிறது.

என்ன மாதிரி ஆராய்ச்சி என்று சொன்னால்தான் உங்களுக்குப் பிடிபடும்.

ஈக்வடாரில் வரித்துறை சில நிறுவனங்களுக்கு, "நீங்கள் காட்டிய விற்பனைக்கும் எங்களிடம் உள்ள தகவலுக்கும் பொருந்தவில்லை" என்று அறிவித்தது. நிறுவனங்களும் பணிவாக விற்பனையைக் கூட்டிக் காட்டின. ஆனால் கூட்டிய ஒவ்வொரு டாலருக்கும் 96 சென்ட் செலவையும் சேர்த்துக் கூட்டிவிட்டன! விற்பனையைச் சரிபார்க்க வழி இருந்தது, செலவைச் சரிபார்க்க வழி குறைவு. கடைசியில் அரசுக்குக் கூடுதலாகக் கிடைத்தது மிகக் கொஞ்சம். இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது 2017ல். வரி கட்டுபவரிடம் இல்லாமல் வேறு ஆட்களிடமிருந்து வரும் மூன்றாம் தரப்புத் தகவலைத் திரட்டிவிட்டாலே ஏய்ப்பு அடங்கிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தவர்களை அது யோசிக்க வைத்தது.

சிலியில் 4 லட்சத்துக்கும் அதிகமான நிறுவனங்களை வைத்து ஒரு பரிசோதனை நடந்தது. அவற்றில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, கண்காணிக்கிறோம் என்று வரித்துறை கடிதம் அனுப்பியது. நிறுவனத்துக்கு நிறுவனம் விற்கும் இடத்தில் ரசீது இரு பக்கமும் இருப்பதால், அங்கே கடிதத்தால் பெரிய மாற்றம் இல்லை. கடைசி வாடிக்கையாளருக்கு விற்கும் இடத்தில்தான் வசூல் ஏறியது. ரசீதுச் சங்கிலி அறுந்துபோகும் இடம் அதுதான்.

பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் சொத்துவரி வசூலிக்கும் ஊழியர்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்துப் பார்த்தார்கள். வசூல் நன்றாகவே கூடியது. ஆனால் மறுமதிப்பீடு ஆகி அதிக வரி கட்டியது கொஞ்சம் சொத்துகள்தான். பெரும்பாலானவர்களுக்கு வரி மாறவில்லை, லஞ்சம்தான் ஏறியது. இந்த முடிவை ஒரு நிதி அமைச்சர் எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும்? திட்டம் வெற்றியா, தோல்வியா? உங்கள் மகளிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் பேசுவாள் என்று நினைக்கிறேன். காங்கோ ஜனநாயகக் குடியரசின் கனங்கா நகரில் அரசு ஊழியர்களைவிட உள்ளூர்த் தலைவர்கள் வசூலித்தபோது வரி கட்டியோர் விகிதம் 3.2 சதவீதப் புள்ளி கூடியது. யாரால் கட்ட முடியும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதையெல்லாம் பேராசிரியர்கள் தனியாகச் செய்துவிடுவதில்லை. ஒவ்வொரு ஆய்வுக்குப் பின்னாலும் பட்டப்படிப்பு முடித்த இளைஞர்கள் சிலர் ஒன்றிரண்டு வருடம் ரிசர்ச் அசிஸ்டென்டாக உழைத்திருப்பார்கள். உங்கள் வீட்டில் யாரும் பேசாத வழி இதுதான். முனைவர் படிப்புக்கு முன் செய்கிற, சம்பளத்தோடு கூடிய வேலை. இந்தத் துறையில் பிரீடாக் என்று சொல்வார்கள். ஜே-பால், இன்னோவேஷன்ஸ் ஃபார் பாவர்ட்டி ஆக்‌ஷன் போன்ற, வறுமை ஒழிப்புத் திட்டங்களைப் பரிசோதித்து ஆராயும் அமைப்புகளும், பல்கலைக்கழகப் பேராசிரியர்களும், உலக வங்கியின் ஆய்வுப் பிரிவுகளும் இப்படி ஆள் எடுக்கிறார்கள்.

வேலை பளபளப்பாக இருக்காது. பெயர் நீக்கப்பட்ட லட்சக்கணக்கான வரிப் படிவங்கள் வரும். ஒரே வரி எண் இரண்டு நிறுவனத்துக்கு இருக்கும், பூஜ்ஜியம் ஒன்று கூடுதலாக விழுந்திருக்கும், மாதங்கள் விடுபட்டிருக்கும். அவற்றை ஸ்டேட்டா அல்லது ஆர் மென்பொருளில் சுத்தம் செய்வதிலேயே பாதி நாள் போகும். தரவை வெளியே எடுத்துப்போகவே முடியாத இடங்களும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் ஆய்வாளர்கள் பிரிட்டோரியாவில் உள்ள நிதித்துறையின் பாதுகாப்பான அறைக்கே போய் உட்கார்ந்துதான் வரித்தரவைப் பார்க்க வேண்டும். களத்துக்கு அனுப்பினால் வீடுவீடாகப் போய்க் கணக்கெடுப்பதை மேற்பார்வையிட வேண்டும். அனுமதி கொடுத்த அதிகாரி மாற்றலாகிப் போனால் திட்டம் பல மாதம் தூங்கும். இதற்கெல்லாம் பொறுமை இல்லையென்றால் முதல் வருடத்திலேயே தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் விலகலாம், கையில் கடன் இருக்காது. மாமா சொல்லும் வழியில் இந்த வசதி கிடையாது.

பிடித்திருந்தால் அடுத்தது முனைவர் படிப்பு, ஐந்தாறு வருடம். கட்டணத்தைத் தள்ளுபடி செய்து உதவித்தொகையும் தருகிற இடத்தில் மட்டுமே சேர வேண்டும். "இடம் இருக்கிறது, பணம் நீங்கள் கட்டுங்கள்" என்று எந்தப் பல்கலைக்கழகம் சொன்னாலும், அதன் பெயர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். இதில் நான் இறங்கி வரமாட்டேன். வெளிநாட்டில் ஒரு வருட முதுகலைக்குக் கடன் வாங்குவதற்கும் இதே பதில்தான்.

அதற்கு அப்புறம் வேலை எங்கே என்பது அப்பாவின் கேள்வியாக இருக்கும். பல்கலைக்கழகம் ஒரு வழி. 2010ல் தொடங்கிய, சசெக்ஸ் வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தில் இயங்கும் சர்வதேச வரி மற்றும் வளர்ச்சி மையம் இதற்கென்றே இருக்கிறது. ஹெல்சிங்கியில் ஐ.நா. பல்கலைக்கழகத்தின் வைடர் நிறுவனம், டெல்லியில் 1976ல் தொடங்கிய தேசியப் பொது நிதி மற்றும் கொள்கை நிறுவனம், ஆப்பிரிக்க வரி நிர்வாக மன்றம், சர்வதேச நாணய நிதியமான ஐஎம்எஃப் என்று போகும். ருவாண்டா போன்ற நாடுகளில் வரித்துறைக்குள்ளேயே ஆராய்ச்சிப் பிரிவு வந்துவிட்டது. இடங்கள் ஆயிரக்கணக்கில் இல்லை, போட்டி கடுமை. ஆனால் தரவைக் கையாளக் கற்றவள் வேறு துறைக்குப் போனாலும் திண்டாட மாட்டாள்.

மகளுக்கு இப்போதே ஒரு வேலை கொடுக்கலாம், செலவில்லாதது. வைடர் நிறுவனம் அரசு வருவாய்த் தரவுத்தொகுப்பு ஒன்றை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது, 1980 முதல் நாடுவாரியாக. ஏதாவது இரண்டு நாடுகளை எடுத்து, அவற்றின் வரி வருவாய் ஏன் வெவ்வேறு திசையில் போனது என்று நாலு பக்கம் எழுதச் சொல்லுங்கள். கணிதம் பலவீனமாக இருந்தால் புள்ளியியலையும், அதை வைத்துப் பொருளாதாரத் தரவை ஆராயும் எகனாமெட்ரிக்ஸையும் முதலில் சரிசெய்ய வேண்டும், அதில் சமரசம் இல்லை. எம்ஐடி நடத்தும் தரவு, பொருளாதாரம், கொள்கை வடிவமைப்பு பற்றிய இணையப் படிப்பில் வருமானத்துக்கு ஏற்ற கட்டணம்தான். அங்கிருந்து தொடங்கலாம்.

அந்த நாலு பக்கத்தை அவள் யாரும் நச்சரிக்காமல் முடித்தால், எனக்கு அனுப்பிவையுங்கள். முடிக்காமல் விட்டால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள், வேறு வழி பேசலாம். அண்ணனிடம் கோபமாகப் பேச வேண்டாம். ஆலோசகர் ரிசர்ச் அசிஸ்டென்ட் வேலைக்கு விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறார், இரண்டு வருடம் அவள் சம்பாதிக்கத்தான் போகிறாள் என்று மட்டும் சொல்லுங்கள்.