6 மணி நேரக் குரலுக்கு 75,000 ரூபாய்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: நான் சென்னை சாலிகிராமத்தில் இருக்கிறேன். 11 வருடமாக சினிமாவுக்கு டிராக் பாடுகிறேன், கோரஸுக்கும் போகிறேன். நான் பாடும் டிராக்குகளில் பெரும்பாலானவற்றை வேறொரு பாடகி பாடி வெளியிடுவார்கள். சில படங்களில் என் குரலே அப்படியே இருந்துவிட்டது, பெயர் மட்டும் வரவில்லை. 2016-இல் ஒரு ஆடியோ நிறுவனத்துக்கு மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு 10 பக்திப் பாடல்கள் பாடிக் கொடுத்தேன். இப்போது வேறொரு நிறுவனம், “உங்கள் குரலை வைத்து ஏஐ-க்குப் பயிற்சி கொடுக்கப் போகிறோம், 6 மணி நேரம் பாடிக் கொடுங்கள், 75,000 ரூபாய் தருகிறோம்” என்கிறது. ஒப்பந்தத்தில், “ஏஐ பயிற்சிக்காக, இப்போதுள்ள, இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், நிரந்தரமாக” என்று எழுதியிருக்கிறது. டிராக் வேலை குறைந்துவிட்டது, பணம் தேவைதான். கையெழுத்துப் போடலாமா? போடாவிட்டால் என் பழைய பாடல்களை வைத்தே என் குரலைச் செய்துவிட மாட்டார்களா? என் கணவர் கீபோர்டு வாசிக்கிறார், திருப்புகழுக்குச் சொந்தமாக மெட்டுப் போட்டு வைத்திருக்கிறார். அவர் என்ன செய்ய வேண்டும்?

பதில்: சகோதரி, இந்த வாசகத்தோடு இருக்கும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குரலை வாடகைக்கு விடுவது வேறு, கிரயம் செய்து கொடுப்பது வேறு. அவர்கள் நீட்டியிருப்பது கிரயப் பத்திரம், அதுவும் வாடகை அட்வான்ஸ் அளவுக்கான விலையில்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் பாதுகாப்பில் சரியாக இந்த இடத்தில்தான் ஓட்டை இருக்கிறது.

நம் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டுச் சட்டம். (பலர் இதைக் காப்புரிமை என்கிறார்கள். அது கண்டுபிடிப்புகளுக்கு உரியது.) 2012-இல் அதில் பெரிய திருத்தம் வந்தது. அதற்குப் பிறகு பாடகருக்கும் வாத்தியக்காரருக்கும் ‘நிகழ்த்துவோர் உரிமை’ பலமாகக் கிடைத்தது. நீங்கள் பாடியதைப் பதிவு செய்ய, பிரதி எடுக்க, மின்னணு முறையில் சேமித்து வைக்க, பொதுமக்களிடம் கொண்டுபோக எல்லாவற்றுக்கும் உங்கள் சம்மதம் வேண்டும் என்கிறது 38-ஏ பிரிவு. பாடிய ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 50 வருடம் இந்த உரிமை நிற்கும். சினிமாவுக்குப் பாடச் சம்மதித்து எழுதிக் கொடுத்திருந்தாலும், அந்தப் பாட்டு வணிக ரீதியாகப் பயன்படும்போது ராயல்டி உண்டு என்றும் அதே பிரிவு சொல்கிறது.

இதுவரை நல்லது. இப்போது வரையறையைப் பாருங்கள். ‘நிகழ்ச்சி’ என்றால் நிகழ்த்துபவர் நேரடியாகச் செய்து காட்டுவது. நீங்கள் மைக் முன்னால் நின்று பாடிய 6 மணி நேரமும் உங்கள் நிகழ்ச்சிதான், சந்தேகமில்லை. ஆனால் அதைக் கேட்டுப் பழகிய ஒரு மென்பொருள், நீங்கள் ஒருபோதும் பாடாத ஒரு பாட்டை உங்கள் குரலில் பாடினால், அது யாருடைய நிகழ்ச்சி? நீங்கள் அதை நேரடியாகப் பாடவில்லையே. ஆகவே அந்தப் பாட்டுக்கு 38-ஏ பிரிவின் கீழ் ராயல்டி கேட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தூக்குவது இந்த வரையறையைத்தான். நான் அந்தப் பக்கம் நின்றாலும் அதைத்தான் செய்வேன்.

குரலே என் சொத்து, என் அடையாளம் என்று வேறு வழியில் போக முடியாதா என்றால், போகலாம். 2024-இல் பாடகர் அரிஜித் சிங் தன் குரலை ஏஐ கருவிகள் நகலெடுப்பதை எதிர்த்து பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கினார். நம் சென்னை உயர் நீதிமன்றமும் 2015-இல் ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் ஆளுமை உரிமையை, அதாவது தன் பெயர், உருவம், குரலைப் பிறர் அனுமதியின்றிப் பயன்படுத்துவதைத் தடுக்கும் உரிமையை, ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தத் தீர்ப்பிலேயே, பிரபலம் என்ற நிலையை அடைந்தவர்களுக்குத்தான் அந்த உரிமை என்று இருக்கிறது. அரிஜித் சிங்கின் குரல் என்றால் நீதிபதிக்கும் தெரியும், டீக்கடையிலும் தெரியும். டிராக் பாடகியின் குரலை, உங்களோடு வேலை பார்த்த ஒரு நூறு பேரைத் தவிர யார் அடையாளம் காண்பார்கள்? இது நியாயமா என்று கேட்டால், இல்லை. இன்றைய நிலைமை அதுதான்.

எனவே பிரபலத்துக்கு நீதிமன்றம் போட்டுத் தரும் வேலியை நீங்கள் ஒப்பந்தத்தில் நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் கையில் இருக்கும் ஒரே துருப்புச்சீட்டு, நீங்கள் சம்மதிக்காமல் அந்த 6 மணி நேரப் பதிவே அவர்களுக்குக் கிடையாது என்பது. கையெழுத்துப் போடும் நிமிடம் வரைதான் அதற்கு மதிப்பு.

சரி, எப்படி எழுதச் சொல்ல வேண்டும்? முதலில், ‘உரிமை மாற்றம்’ என்று இருக்கும் இடத்திலெல்லாம் ‘உரிமம்’ என்று மாறட்டும். காலம் 2 வருடம், மிஞ்சினால் 3. அந்த நிறுவனம் தன் சொந்தத் தயாரிப்புகளுக்கு மட்டும் பயன்படுத்தலாம், வேறு எவருக்கும் விற்கவோ உள் உரிமம் கொடுக்கவோ கூடாது. இதை விட்டுவிடாதீர்கள். நிறுவனம் நாளைக்குக் கைமாறினால் உங்கள் குரலும் மேசை நாற்காலியோடு சேர்ந்து கைமாறும். 75,000 என்பது பதிவுக்கு வந்து பாடிய சம்பளம் என்று தனியாகவும், அந்தக் குரலில் வெளியாகும் ஒவ்வொரு பாட்டுக்கும் இவ்வளவு என்று தனியாகவும் எழுதட்டும். இந்த இரண்டாவது தொகைதான் சட்டத்தில் இருக்கும் ஓட்டையை அடைக்கிறது. ‘நான் நேரடியாகப் பாடாவிட்டாலும், என் குரலைப் பழகிய ஏஐ மென்பொருளில் உருவாகும் பாட்டை என் நிகழ்ச்சியாகவே கருதி ராயல்டி கணக்கிடப்படும்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், வரையறை வாதம் இரண்டு தரப்புக்கும் இடையில் எடுபடாமல் போய்விடும்.

கட்சிப் பிரசாரம், ஆபாசம், மதங்களைப் புண்படுத்தும் பாட்டு, விளம்பரம் இவற்றுக்கு உங்கள் எழுத்துபூர்வ அனுமதி தனியாக வேண்டும். பாட்டு வெளியாகும்போது உங்கள் பெயரும், இது ஏஐ-யால் உருவானது என்ற குறிப்பும் இருக்க வேண்டும். காலம் முடிந்ததும் மூலப் பதிவுகளையும் பயிற்சி பெற்ற ஏஐ மென்பொருளையும் அழித்துவிட்டதாகக் கடிதம் தர வேண்டும். அழித்தார்களா என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தெரியாதுதான். ஆனால் கடிதம் கொடுத்த பிறகு அந்தக் குரல் வெளியே வந்தால், வழக்கு மிகச் சுலபம்.

இன்னொன்று, கேட்கச் சங்கடமாக இருந்தாலும். உங்களுக்குப் பிறகு என்ன? 2024-இல் ஏ.ஆர்.ரஹ்மான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களை ஏஐ மூலம் ‘லால் சலாம்’ படத்தில் பயன்படுத்தினார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி ஊதியமும் கொடுத்ததாக அவரே சொன்னார். அது அவர் காட்டிய மரியாதை. சட்டம் எல்லோரையும் அப்படிச் செய்ய வைக்குமா என்பது வேறு விஷயம். ஒருவரின் ஆளுமை உரிமை அவரோடு முடிந்துவிடுகிறது என்று 2023-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு நடிகரின் தந்தை தொடுத்த வழக்கில் சொல்லியிருக்கிறது. எனவே, உங்கள் காலத்துக்குப் பின் யார் சம்மதம் வேண்டும், பணம் யாருக்குப் போக வேண்டும் என்று பெயர் போட்டு எழுதிவிடுங்கள்.

இனி 2016 பக்திப் பாடல்கள். அந்த ஒப்பந்தத்தை முதலில் தேடி எடுங்கள். இல்லாவிட்டால் நிறுவனத்திடம் நகல் கேட்டு மின்னஞ்சல் போடுங்கள். எத்தனை காலத்துக்கு என்று அதில் எழுதாமல் இருந்தால், சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி அது 5 வருடம்தான். 2021-இலேயே முடிந்திருக்கும். எந்த ஊருக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்று எழுதியிருந்தால் இந்த இரண்டும் உதவாது. ஆனால் அப்போதும் 18-ஆம் பிரிவு இருக்கிறது. ஒப்பந்தம் போட்ட சமயத்தில் இல்லாத, அல்லது வணிகப் பயன்பாட்டுக்கு வராத ஒரு பயன்பாட்டு முறைக்கு அந்த ஒப்பந்தம் செல்லாது, அந்த முறையைக் குறிப்பாகப் பெயர் சொல்லி எழுதியிருந்தால் தவிர. ‘இனி வரப்போகும் எல்லா ஊடகங்களும்’ என்பது என் பார்வையில் குறிப்பாகச் சொன்னது ஆகாது. 18, 19 பிரிவுகள் நிகழ்த்துவோருக்கும் பொருந்தும் என்று 39-ஏ சொல்கிறது. ஆகவே அந்தப் பத்துப் பாட்டையும் ஏஐ-க்குத் தீனியாகப் போட அந்த நிறுவனத்துக்கு உரிமை இல்லை என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது.

இதே காரணத்தால்தான் புதிய ஒப்பந்தத்தில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அதில் ‘ஏஐ பயிற்சி’ என்று பெயர் சொல்லியே எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால் 18-ஆம் பிரிவின் கதவை நீங்களே சாத்துகிறீர்கள்.

எவரோ முன்பின் தெரியாதவர்கள் இணையத்திலிருந்து உங்கள் பாட்டை எடுத்துப் பயிற்சிக்குப் பயன்படுத்தினால்? அது மீறலா என்ற கேள்விக்கு நம் சட்டத்தில் நேரடியான விடை எழுதப்படவில்லை. ஏஎன்ஐ செய்தி நிறுவனம் ஓபன்ஏஐ மீது 2024 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு இதே கேள்வியை, செய்திகளை வைத்து எழுப்பியது. நீங்கள் செய்யக்கூடியது ஆதாரம் சேர்ப்பது. உங்கள் பதிவே எங்காவது அனுமதியின்றி ஏறியிருந்தால், தளத்துக்கு முறைப்படி எழுத்துமூலம் புகார் கொடுங்கள். 36 மணி நேரத்துக்குள் அவர்கள் அதை முடக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் மறுபடி திறந்துவிடலாம். ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு வருகிறார்கள் பலர். எடுத்த தேதி, இணைப்பு, எடுத்த கருவி எல்லாம் குறித்து வையுங்கள். நீதிமன்றத்தில் மின்னணு ஆதாரத்துக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும்.

பெயர் வராத சினிமாப் பாடல்களைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் எனக்கு அதுதான் உறுத்துகிறது. படத்தில் சிறியதாக, தற்செயலாக இடம்பெற்று, தொழில் வழக்கப்படி டைட்டிலில் பெயர் போடாத ஒருவரை ‘நிகழ்த்துவோர்’ என்றே கருத வேண்டியதில்லை என்று சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. தங்கள் குரல் சிதைக்கப்பட்டால் ஆட்சேபிக்கும் உரிமை மட்டும்தான் அவர்களுக்கு மிச்சம். ஒரு பாட்டு முழுவதையும் பாடியது தற்செயல் ஆகாது என்று நான் வாதிடுவேன். கோரஸில் எட்டில் ஒருவர் என்றால் வாதம் கஷ்டம். அதனால் இனிமேல் எந்த டிராக் பாடப் போனாலும், ‘என் குரலே வெளியானால் என் பெயர் வரும்’ என்று வாட்ஸ்அப்பிலாவது ஒரு வரி வாங்கிவிடுங்கள். எத்தனை மணிக்குப் போனீர்கள், எந்த ஸ்டூடியோ, எந்தப் பாட்டு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பாடகர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தர 2013-இல் பதிவான சங்கம் இப்போது இஸாம்ரா என்ற பெயரில் வாத்தியக்காரர்களையும் சேர்த்துக்கொள்கிறது. நீங்கள் இருவருமே விசாரித்துச் சேருங்கள்.

கணவர் விஷயம் இவ்வளவு சிக்கல் இல்லை. அருணகிரிநாதரின் பாடல் யாருக்கும் தனிச்சொத்து அல்ல, மெட்டு உங்கள் கணவருடையது. அது ஆயுளுக்கும், அதற்குப் பின் 60 வருடத்துக்கும் அவருடையது. பதிவு செய்யாமலே உரிமை உண்டு. ஆனாலும் ஒரு இசைப் படைப்புக்கு 500 ரூபாய்தான் கட்டணம் என்பதால் முக்கியமான மெட்டுகளைப் பதிவு செய்யலாம். நொட்டேஷன், கீபோர்டு புராஜெக்ட் கோப்புகள், முதலில் முனகிப் பார்த்த போன் பதிவு இவற்றையெல்லாம் தேதியோடு வைத்திருக்கட்டும். ஏஐ உதவியோடு ஏதாவது சேர்த்தால், எது தன் கை, எது கருவி என்று பிரித்துக் காட்ட நாளைக்கு அது தேவைப்படும். இசையமைப்பாளர்களுக்கும் பாடலாசிரியர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராகட்டும். மெட்டை ஒரு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தாலும் ராயல்டியில் சரிபாதி கேட்கும் உரிமையை அவரால் விட்டுக்கொடுக்கவே முடியாது. விட்டுக்கொடுத்ததாக எழுதிய வரி செல்லாது. கீபோர்டு வந்து வயலின் வரிசைகள் குறைந்த காலத்தில் சட்டத்தில் இப்படி ஒரு பாதுகாப்பு யாருக்கும் இல்லை. 1977-இல் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் காசு கொடுத்து மெட்டுப் போடச் சொன்னால் உரிமை தயாரிப்பாளருக்கே என்று சொல்லிவிட்டிருந்தது. அதை மாற்ற 35 வருடம் ஆனது.

கடைசியாக, அந்த நிறுவனத்துக்கு இன்றே தொலைபேசியில் பதில் சொல்லாதீர்கள். மின்னஞ்சலில் இப்படி அனுப்புங்கள்: “தங்கள் ஒப்பந்தம் கிடைத்தது. பாடிக் கொடுக்க விருப்பம் உண்டு. காலம், பயன்பாடு, பாட்டுக்கான தொகை, பயிற்சி பெற்ற மென்பொருளை அழிப்பது ஆகியவற்றில் சில திருத்தங்கள் கேட்கிறேன். இரு தரப்பும் கையெழுத்திடும் வரை, நான் அனுப்பிய மாதிரிப் பாடல் உட்பட என் குரல் எதையும் பயிற்சிக்குப் பயன்படுத்த எனக்குச் சம்மதமில்லை.” மாதிரிப் பாடல் என்று ஏன் எழுதினேன் என்றால், குரல் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஏற்கெனவே ஒன்றிரண்டு பாட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பீர்கள். எல்லோரும் அனுப்பியிருக்கிறார்கள்.