இணையதளத்தைப் புதுப்பிக்க யாரிடம் கொடுப்பது? கேள்வி பதில்

தொண்டி முதல் ராமேஸ்வரம் வரையிலும், இந்தப் பக்கம் கீழக்கரை வரையிலும் தொழில் செய்யும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பழைய இணையதளத்தை மாற்றியமைக்க எந்த ஏஜென்சியை, எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பதே எல்லோருடைய கவலையும். வேலை எடுப்பவனாகவும் வேலை கொடுப்பவனாகவும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

ஐயா, ராமேஸ்வரத்தில் விடுதி நடத்துகிறேன். மூன்று ஏஜென்சிகள் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள்: நாற்பதாயிரம், ஒன்றேகால் லட்சம், மூன்று லட்சம். ஒரே வேலைக்கு இவ்வளவு வித்தியாசம் ஏன்?

அவை ஒரே வேலைக்கான விலைகள் அல்ல. "புதிதாக, அழகாகச் செய்து கொடுங்கள்" என்று மட்டும் சொல்லியிருப்பீர்கள். அதை மூவரும் மூன்று விதமாகப் புரிந்துகொண்டு விலை போட்டிருக்கிறார்கள். தளம் உங்களுக்கு என்ன செய்துதர வேண்டும் என்பதை முதலில் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். அறை வாடகை தெரிய வேண்டுமா, அங்கேயே முன்பதிவு செய்து பணம் கட்ட வேண்டுமா, வடநாட்டு யாத்ரீகர்களுக்காக இந்தியிலும் இருக்க வேண்டுமா, படங்களை யார் எடுப்பது, ஆண்டுதோறும் பராமரிப்புக்கு எவ்வளவு, 18 சதவீத ஜிஎஸ்டி விலைக்குள் அடக்கமா என்பனவெல்லாம் அதில் இருக்கட்டும். அதே தாளை மூவருக்கும் அனுப்பிவிட்டு, யார் திருப்பிக் கேள்வி கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். "உங்களுக்கு வரும் பதிவுகளில் தொலைபேசி வழியாக எத்தனை, கமிஷன் பிடிக்கும் தளங்கள் வழியாக எத்தனை?" என்று கேட்பவர் உங்கள் தொழிலைப் பற்றி யோசிக்கிறார். எதுவும் கேட்காமல் விலை சொல்பவர், கைவசம் உள்ள ஆயத்த வடிவமைப்பில் உங்கள் விடுதியின் பெயரை மாற்றித் தரப்போகிறார். அதுவும் தவறில்லை, ஆனால் அதற்கு நாற்பதாயிரமே அதிகம் என்பது என் எண்ணம்.

மண்டபத்தில் கடல் உணவு ஏற்றுமதி செய்கிறோம். "டொமைன், ஹோஸ்டிங் எல்லாம் எங்கள் கணக்கிலேயே இருக்கட்டும், உங்களுக்கு ஏன் சிரமம்?" என்கிறது ஒரு ஏஜென்சி. சரியென்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. டொமைன் என்பது உங்கள் தளத்தின் முகவரிப் பெயர், ஹோஸ்டிங் என்பது தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் இடம். வந்த கேள்விகளில் மிக முக்கியமானது இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் மைத்துனரின் கடைக்குத் தளம் செய்து கொடுத்த ஒரு ஏஜென்சி, டொமைனைத் தன் ஊழியர் ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் பதிவு செய்து வைத்திருந்தது. அந்த ஊழியர் வேலையை விட்டுப் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவிப்புகள் எல்லாம் அவருடைய பெட்டியிலேயே கிடந்தன. ஒரு திங்கட்கிழமை காலை தளம் திறக்கவில்லை. அது மட்டும் என்றால் பரவாயில்லை, அதே டொமைனில் இருந்த மின்னஞ்சல்களும் நின்றுபோயின. விலை கேட்டு வந்த கடிதங்கள் அனுப்பியவர்களுக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. காலாவதியான டொமைனை மீட்கும் கெடு முடிவதற்குள், வழக்கமான கட்டணத்தைப் போலப் பல மடங்கு செலுத்தித்தான் அதைத் திரும்ப எடுக்க முடிந்தது. அந்த ஏஜென்சியை அவருக்குச் சொன்னவனே நான்தான் என்பதால், இன்றுவரை வீட்டு விசேஷங்களில் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

டொமைன் உங்கள் பெயரிலா என்று அவர்களிடம் வாய்வார்த்தையாகக் கேட்பதில் பயனில்லை. அந்தக் கணக்கிற்குள் நுழையும்போது ஓடிபி யாருடைய கைபேசிக்கு வருகிறது என்று பாருங்கள். உங்கள் கைபேசிக்கு வர வேண்டும். ஹோஸ்டிங் கணக்கும், கூகுள் தேடலில் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலும், தளத்தின் நிர்வாகி கணக்கும் அப்படியே. ஏஜென்சிக்குத் தேவையான அனுமதியை நீங்கள் கொடுங்கள். அவர்களிடமிருந்து நீங்கள் அனுமதி பெறும் நிலை வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. பணம் கொடுத்துவிட்டால் தளத்தை இயக்கும் நிரல் தமக்கே சொந்தம் என்று பலரும் நினைக்கிறார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வெளி ஏஜென்சி எழுதிய நிரலின் உரிமை, எழுத்து வடிவில் மாற்றிக் கொடுக்கப்படாதவரை அவர்களிடமே இருக்கும். மாற்றிக் கொடுக்கும்போதும் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் என்றும், நிலப்பரப்பைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டத்தின் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. கடல் தாண்டி விற்கும் நீங்கள், "நிரந்தரமாக, உலகம் முழுவதற்கும்" என்ற சொற்கள் ஒப்பந்தத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள். இந்த வரிகளைச் சேர்க்கத் தயங்கும் ஏஜென்சி, எவ்வளவு அழகான மாதிரிகளைக் காட்டினாலும் வேண்டாம்.

கீழக்கரையில் எங்கள் கல்வி அறக்கட்டளைத் தளத்தில் பழைய பக்கங்கள் நானூறுக்கு மேல் உள்ளன. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்கிறார்கள். செய்யலாமா?

பக்கங்களைக் குறைப்பது நல்லதுதான், முகவரிகளை அனாதையாக விடுவதுதான் ஆபத்து. வளைகுடாவில் இருக்கும் உங்கள் பழைய மாணவர் ஒருவர் சேர்த்து வைத்திருக்கும் உதவித்தொகைப் பக்கத்தின் முகவரி, புதிய தளத்தில் "பக்கம் இல்லை" என்று வந்தால் அவர் மறுபடி தேடமாட்டார். கூகுளும் அந்தப் பக்கம் இத்தனை ஆண்டுகளில் சேர்த்த மதிப்பைக் கைவிட்டுவிடும். ஒவ்வொரு பழைய முகவரியும் அதற்கு ஈடான புதிய முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடப்பட வேண்டும். 301 என்று தொழிலில் சொல்வது இதைத்தான். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்கே திருப்பிவிடுவது சோம்பேறி வேலை. இந்த ஏற்பாட்டைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்கும்படி கூகுளே சொல்கிறது.

ஆகவே, ஏஜென்சியிடம் இதைக் கேளுங்கள்: "பழைய முகவரி, புதிய முகவரி என்று இரண்டு பத்திகளில் எக்ஸெல் பட்டியல் தருவீர்களா, எப்போது?" விழித்தால், வேறு ஆளைப் பாருங்கள். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் தளத்தை அமைக்கிறார்கள் என்றால், வேலை நடக்கும்போது தேடுபொறிகள் எட்டிப்பார்க்காதபடி ஒரு பெட்டியில் டிக் போட்டு வைப்பார்கள். திறப்பு நாளன்று அதை எடுக்க மறந்து, மாதக்கணக்கில் கூகுளில் தெரியாமலே போன தளங்களை நான் கண்டிருக்கிறேன். அதையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

ராமநாதபுரம் முண்டு மிளகாய் விற்கிறேன். கூகுளில் முதல் இடத்துக்கு உத்தரவாதம் தருகிறார் ஒருவர்.

அந்த உத்தரவாதத்தை யாராலும் தர முடியாது என்பதைக் கூகுளே எழுதி வைத்திருக்கிறது. நம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததைத் தளத்தில் எங்கே, எப்படிச் சொல்லலாம் என்று யோசிப்பவரைத் தேடுங்கள்.

தங்கச்சிமடத்திலிருந்து: கருவாட்டு வியாபாரம். தளம் தமிழில் வேண்டும். ஏஜென்சிக்குத் தமிழ் வருமா என்று எப்படிச் சோதிப்பது?

அவர்கள் செய்த தமிழ்த் தளம் ஒன்றை உங்கள் கைபேசியில் திறந்து, ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால், எல்லாக் கருவிகளும் படிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடு. ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தால் பாமினி போன்ற பழைய எழுத்துரு. அப்படிப்பட்ட தளத்தில் "நெத்திலிக் கருவாடு" என்று நூறு முறை எழுதியிருந்தாலும் தேடுபவருக்கு அகப்படாது.

அடுத்து, மாதிரி வடிவமைப்பை உங்கள் சொந்தத் தமிழ் வரிகளை வைத்தே காட்டச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் நாலெழுத்தில் முடியும் பொத்தான் தமிழில் "முன்பதிவு செய்ய" என்று நீளும்போது இரண்டு வரியாக உடைகிறதா, வரி இடைவெளி போதாமல் "சூடை" என்ற மீன் பெயரின் அடிப்பகுதி வெட்டுப்படுகிறதா என்று உற்றுப் பாருங்கள். வீட்டு வைஃபையில் பார்க்காதீர்கள், சிக்னல் தள்ளாடும் இடத்தில் மொபைல் டேட்டாவில் பாருங்கள். ஒரு பக்கத்தின் பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் முகவரியைக் கொடுத்தால் நீங்களே அதைத் தெரிந்துகொள்ளலாம்.

உள்ளூர் ஏஜென்சியா, சென்னை ஏஜென்சியா?

ஊர் முக்கியமில்லை. கூட்டத்தில் பேசுபவர்தான் வேலையும் செய்வாரா, அல்லது வேறு யாரிடமாவது தள்ளிவிடுவார்களா என்று கேளுங்கள். மூன்றாண்டுக்கு முன் அவர்கள் முடித்துக் கொடுத்த இரண்டு வாடிக்கையாளர்களுக்கு நீங்களே போன் போடுங்கள். சென்ற மாதம் முடித்தவர் எப்போதும் புகழ்வார்.

பணத்தை எப்படிப் பிரித்துக் கொடுப்பது, எப்போது தொடங்குவது?

முன்பணம் 30 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். வடிவமைப்பை நீங்கள் ஏற்றதும் ஒரு பங்கு, சோதனைத் தளம் முழுமையாக ஓடியதும் ஒரு பங்கு. கடைசிப் பத்து சதவீதத்தைத் தளம் திறந்து ஒரு மாதம் கழித்து, எல்லாக் கணக்குகளும் பேக்கப்பும் உங்கள் கைக்கு வந்த பிறகு கொடுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, விசைப்படகுகள் கரையில் நிற்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் கடல் உணவுத் தொழில் செய்பவர்களுக்குப் பொருத்தமானது. உட்கார்ந்து படிக்கவும் திருத்தவும் அப்போதுதான் நேரம் கிடைக்கும். விடுதிக்காரர்கள், ஏஜென்சி எவ்வளவு அவசரப்படுத்தினாலும், ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் முந்தைய இரண்டு வாரங்களில் புதிய தளத்தைத் திறக்கச் சம்மதிக்க வேண்டாம்.