அப்பாவுக்கு டிபி மாத்திரை 3-வது வாரம், வாந்தி, டீ டிகாஷன் மாதிரி கருத்த சிறுநீர்: நிறுத்தலாமா?

நிறுத்துங்க. நாளைக் காலை டோஸ் கொடுக்காம, டிபி அட்டையோட அப்பாவைக் கோத்தகிரி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போங்க. எல்எஃப்டி (ஈரல் எப்படி வேலை செய்யுதுன்னு பாக்குற ரத்தப் பரிசோதனை), ஐஎன்ஆர் (ரத்தம் உறையுற வேகத்தைப் பாக்குறது) ரெண்டும் எடுக்கச் சொல்லுங்க. தூக்கக் கலக்கம், பேச்சுல குழப்பம் இருந்தா விடியற வரைக்கும் காத்திருக்காதீங்க, 108-க்குக் கூப்பிடுங்க.

டிபி மாத்திரையில இருக்கிற ரிஃபாம்பிசின்ங்கிற மருந்து முதல் நாள்லேர்ந்தே சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும், அதுல பயமில்ல. நீங்க சொல்ற மாதிரி பால் விடாத டீ டிகாஷன் நிறம்னா அது ஈரல் பாதிப்பால சிறுநீர்ல கலக்குற பித்தநீர் நிறமி. கண்ணோட வெள்ளை மஞ்சளா இருக்கான்னு ஜன்னல் வெளிச்சத்துல பாருங்க. மஞ்சள் பல்பு வெளிச்சத்துல தெரியாது.

காரணம் பெரும்பாலும் அதே மாத்திரையில இருக்கிற ஐசோனியசிட் அல்லது பைரசினமைடு மருந்து. ஐசோனியசிட் ஈரல்ல உடையும்போது நச்சுத் துணுக்குகள் உண்டாகும்; அதை அடக்குற, உடம்புலயே இருக்கிற குளுட்டாதயோன்ங்கிற பொருள் தீர்ந்துட்டா ஈரல் செல்கள் ஆக்சிஜனேற்றத்துல சாகும். சாராயம் இதை வேகப்படுத்தும். குளிருக்கு ஒரு மடக்குன்னாலும் வேண்டாம். காய்ச்சலுக்கு பாராசிட்டமாலும் நீங்களா கொடுக்காதீங்க.

எடையையும் சரிபாருங்க: 35–49 கிலோவுக்கு தினம் 3 கூட்டு மாத்திரை (பல டிபி மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை), 50–64-க்கு 4. இளைச்சவருக்கு பழைய எடைக்குக் கொடுத்திருக்கலாம்.

ஏஎல்டி (எல்எஃப்டி-ல வர்ற ஈரல் நொதி அளவு) இயல்பு அளவைப்போல 3 மடங்கு தாண்டி, இப்படி அறிகுறியும் இருந்தா நிறுத்தினது சரி. அறிகுறி இல்லாதவங்களுக்கு வரம்பு 5 மடங்கு. அளவு இறங்கினதும் டாக்டர் ஒவ்வொரு மருந்தா திரும்பத் தொடங்குவார். நீங்களா பாதி மாத்திரை கொடுத்துப் பாத்துடாதீங்க, கிருமி மருந்துக்கு மசியாமப் போயிடும். கீழாநெல்லிச் சாறு இதுக்கு மாற்று இல்ல.