சிட்டிசன் இல்லாம அமெரிக்கால ஃபிளைட் ஓட்டப் படிக்கணுமா, கேளுங்க சொல்றேன்

டெக்சாஸ்ல கிரீன் கார்டுல இருந்தே லைசென்ஸ் எடுத்து, அங்கயே இன்ஸ்ட்ரக்டரா இருந்துட்டு, இப்ப மதுரைக்கே திரும்பி வந்துட்டேன். நம்ம பக்கத்துப் பிள்ளைங்க அங்க நிறைய இருக்கிறதால கேள்வி வந்துக்கிட்டே இருக்கு, இன்னைக்கு உக்காந்து பதில் போடுறேன்.

திருமங்கலத்துல இருந்து ஒரு அம்மா: மகன் டல்லாஸ்ல எச்-1பி விசால (வேலை விசா) இருக்கான். சனி ஞாயிறு ஃபிளைட் ஓட்டக் கத்துக்கணுங்கிறான், விசாவுக்கு எதுவும் ஆயிருமா?

பயப்படாதீங்கம்மா. வேலையை விடாம பகுதி நேரமா தாராளமாப் படிக்கலாம், ஓட்டிக் காசு மட்டும் வாங்கக் கூடாது. ஆனா பிரைவேட் பைலட் பயிற்சிக்கு முன்னாடி டிஎஸ்ஏ (அமெரிக்காவோட போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு) அனுமதி கட்டாயம். 2001 செப்டம்பர்ல விமானத்தைக் கடத்தி மோதுனவங்கள்ல சிலபேரு அமெரிக்கா ஃபிளைட் ஸ்கூல்லயே படிச்சவங்க, அதுக்கப்புறம் வந்த கட்டுப்பாடு இது. எஃப்டிஎஸ்பின்னு டிஎஸ்ஏ நடத்துற ஆன்லைன் போர்ட்டல்ல அக்கவுண்ட் போட்டு, பாஸ்போர்ட் விசா எல்லாம் ஏத்தி, ஃபீஸ் கட்டி, கைரேகை குடுக்கணும். முன்னாடி ஒவ்வொரு பயிற்சிக்கும் தனித்தனியா விண்ணப்பிச்சு அலையணும், 2024 ஜூலைல விதி மாறி இப்ப ஒருதடவை கிளியர் ஆனா 5 வருசம் வரைக்கும் செல்லும், அதுக்குள்ள விசா முடிஞ்சா அதோட முடிஞ்சிரும். காத்திருக்கிற நேரத்துல தம்பியைப் புத்தகப் பாடத்தை முடிக்கச் சொல்லுங்க, அதுக்கு அனுமதி வேணாம். ஸ்கூலுக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி மெடிக்கல் (பைலட்டுக்கான உடல் தகுதி டெஸ்ட்) எடுக்கச் சொல்லுங்க, இதை மறந்துறாதீங்க.

மேலூர் தம்பி: கண்ணாடி போட்டிருக்கேண்ணே, முடியுமா?

முடியும். கண்ணாடியோட பார்வை சரியா இருந்தாப் போதும். நிறம் பிரிச்சுப் பாக்கிற டெஸ்ட்டும் உண்டு.

உசிலம்பட்டி: டூரிஸ்ட் விசால போயி 3 மாசத்துல லைசென்ஸ் வாங்கிரலாமா?

கூடாது. லைசென்ஸுக்குப் படிக்கப் போறவங்களுக்கு எம்-1 இல்லாட்டி எஃப்-1னு மாணவர் விசா வேணும். டூரிஸ்ட் விசா போதும்னு எவனாவது ஏஜென்ட் சொன்னா அங்கயே எந்திரிச்சு வந்துருங்க.

அண்ணாநகர்ல இருந்து ஒருத்தர்: கிரீன் கார்டு இருந்தா டிஎஸ்ஏ எல்லாம் தேவையே இல்ல சார். என் மச்சான் அப்படித்தான் ஓட்டுனாரு. தெரியாம சொல்லாதீங்க.

தெரிஞ்சுதான் சொல்றேன். சிட்டிசனோ, அந்த நாட்டு நேஷனலோ (அமெரிக்கன் சமோவால பிறந்தவங்க மாதிரி) இல்லாத எல்லாரும் டிஎஸ்ஏ விதிக்கு வெளிநாட்டுக்காரங்கதான், கிரீன் கார்டும் அதுக்குள்ள அடக்கம். நானே கைரேகை குடுத்து, அனுமதி வந்தப்புறம்தான் ஏறுனேன். சிட்டிசனா இருந்தாக்கூட பாஸ்போர்ட்டோ பர்த் சர்டிபிகேட்டோ காட்டணும், இன்ஸ்ட்ரக்டர் அதைப் பாத்துட்டுத்தான் பயிற்சியே ஆரம்பிப்பாரு.

அவரே மறுபடி: மச்சான் கையில ஸ்டியரிங் குடுத்தாங்க சார், போட்டோவே இருக்கு.

எத்தனை தடவை போனாருன்னு கேட்டுச் சொல்லுங்க.

செல்லூர்: கண்ணாடி போட்டா பைலட் ஆகலாமா?

மேல இருக்குங்க, மேலூர் தம்பிக்குச் சொன்னதைப் பாருங்க.

தெப்பக்குளம், ஒரு தங்கச்சி: எவ்வளவு மணி நேரம் ஓட்டணும்? ஸ்கூல்ல மொத்தப் பணமும் முன்னாடியே கட்டுனா தள்ளுபடின்றாங்க.

பிரைவேட் லைசென்ஸுக்குச் சட்டப்படி குறைஞ்சது 40 மணி நேரம், சில ஸ்கூல்ல 35, பெரும்பாலும் அதைத் தாண்டிரும்மா. தனியா ஓட்ட 16 வயசு, லைசென்ஸுக்கு 17. இங்கிலீஷ் பேச, படிக்க, எழுத, புரிஞ்சுக்கத் தெரியணும். பணத்தை மட்டும் மொத்தமாக் கட்டிராத. நான் படிச்ச ஒரு ஸ்கூல் பாதியிலயே மூடிட்டாங்க, கட்டுன காசுல ஒரு டாலர் திரும்ப வரல, அடுத்த ஸ்கூலுக்குப் போக எட்டு மாசம் ராத்திரி ஷிப்ட் பாத்தேன். ஓட்டுன அன்னைக்கு ஓட்டுன மணிக்குக் காசு குடு, தள்ளுபடியே வேணாம்.

விளாங்குடி: அங்க லைசென்ஸ் எடுத்தா இங்க ஏர்லைன்ஸ்ல வேலை கிடைக்குமா?

பிரைவேட் லைசென்ஸை வச்சுக் கிடைக்காது. கமர்ஷியல் (காசு வாங்கி ஓட்டுறதுக்கான லைசென்ஸ்) எடுத்துட்டு வந்தாலும் டிஜிசிஏ (நம்ம நாட்டு விமானத் துறை அமைப்பு) பரீட்சை எழுதி மாத்தணும்.

பழங்காநத்தம்: சார், கண்ணாடி...

மேல பாருங்க ப்ளீஸ்.

அண்ணாநகர்க்காரர்: கேட்டேன் சார். ஒரே தடவைதானாம், அரை மணி நேரம், டிஸ்கவரி ஃபிளைட்டாம்.

அதான் விசயம். டிஸ்கவரி ஃபிளைட்னா சும்மா அனுபவத்துக்கு ஒரு தடவை போறது, அதுக்கு அனுமதி வேணாம், யாரும் போலாம், இன்ஸ்ட்ரக்டர் பக்கத்துல இருக்கும்போது பிடிச்சும் பாக்கலாம். லைசென்ஸுக்குப் படிக்கணும்னு மச்சானுக்கு ஆசை இருந்தா இன்னைக்கே போர்ட்டல்ல விண்ணப்பம் போடச் சொல்லுங்க, மெடிக்கலுக்கும் தேதி வாங்கச் சொல்லுங்க. சந்தேகம் இருந்தா எப்பனாலும் எங்கிட்ட கேக்கச் சொல்லுங்க.