வாசகர் கேள்வி பதில்: பேடில் போர்ட வெச்சுத் திருத்த வீட்டிலயே ஸ்டாண்ட் அடிக்கலாமா?

கேள்வி: அண்ணன், நான் உல்லையில (அறுகம்பேயில) போர்ட் வாடகைக்குக் குடுக்கிற இடத்தில வேலை செய்யிறன். சர்ப் போர்டுக்கெண்டு அடிச்ச மர ஸ்டாண்ட் ஒண்டு கிடக்கு, ரெண்டு காலும் ஒரே சட்டத்தில, இடைவெளி ரெண்டரை அடி. அதில பத்தரை அடி பேடில் போர்ட (நிண்டுகொண்டு துடுப்புப் போடுற பலகை) வெச்சு, திருத்த வேலைக்கு மூக்குப் பக்கம் தேய்க்கக்குள்ள வால் கிளம்புது, ஒராள் வாலப் பிடிச்சிக்கொண்டே நிக்க வேண்டிக் கிடக்கு. புதுசா அடிக்கிறதெண்டா எப்பிடி? (பொத்துவில் வாசகர்)

பதில்: தம்பி, உங்கட ஸ்டாண்டில பிழை இல்ல, அது ஆறடி போர்டுக்கு அடிச்சது. பத்தரை அடிய ரெண்டரை அடி இடைவெளியில வெச்சா ரெண்டு பக்கமும் நாலு நாலு அடி வெளிய தொங்கும், மூக்கில கைய ஊண்டின உடனே வால் எழும்பத்தான் செய்யும். அதால புதுசா அடிக்கிறதெண்டா சட்டமே போடாதீங்க. ரெண்டு காலையும் தனித்தனியா அடிங்க, வேலைக்கேத்த மாதிரி தள்ளி வைக்கலாம், மழைக்காலத்தில ஒரு மூலைக்க ஒதுக்கவும் லேசு.

பெயின்ட் வாளி ரெண்டு எடுங்க, இருபது லீட்டர் வாளி. ரெண்டு அங்குல ஜிஐ பைப் (துத்தநாகம் பூசின இரும்புப் பைப்) ரெண்டு துண்டு. பைப்பிட அடியில குறுக்க ஓட்டை போட்டு கம்பித் துண்டு ஒண்டச் செருகி விடுங்க, இல்லாட்டி கொஞ்ச நாளில பைப் கொங்கிறீட்டுக்க கிறுகத் தொடங்கும், மறுகா மேல வைக்கிற போர்டும் சேந்து கிறுகும். சீமெந்து ஒண்டு, மண் ரெண்டு, சல்லி நாலு எண்டு குழைச்சு வாளியில பாதிக்குப் போட்டாலே காணும், பத்து லீட்டர் கொங்கிறீட் கிட்டத்தட்ட இருபத்திநாலு கிலோ வரும். முழுசா நிரப்பினா அம்பது கிலோக்குக் கிட்டப் போகும், அதத் தூக்கிறதுக்கு வேற ஆள் தேட வேணும். பைப்ப நேரா நிப்பாட்ட மேசன்மார்ர தூக்குக்குண்டு இருந்தா நல்லம், இறுகுமட்டும் ரெண்டு பக்கமும் முட்டுக் குடுத்து, நனைச்ச சாக்கால மூடி நாலைஞ்சு நாள் விடுங்க.

மரக் கால் மலிவுதான், ஆனா மணலில நிக்கிற மரத்தக் கறையான் விடாது. பைப்பும் ஜிஐயா இருக்க வேணும், சும்மா இரும்பு உல்லைக் காத்துக்கு ஒரு சீசனும் தாங்காது.

மேல்பக்கத்துக்கு வேல்டிங் கடையில சின்னத் தகடு ஒண்டு ஒட்டி நாலு ஓட்டை போட்டுத் தரச் சொல்லுங்க. அதுக்கு மேல நாலுக்கு ரெண்டு அங்குலப் பலகை குறுக்க, ஆணிய கீழ இருந்து மேல முடுக்குங்க, மேல ஒரு ஆணித்தலையும் தெரியக்கூடாது. பலகை நீளம் இருபது அங்குலம் போதும். போர்ட் முப்பத்திரெண்டு அங்குல அகலம் எண்டா பலகையும் அவ்வளவு வேணுமெண்டு சில பேர் நினைக்கிறாங்க, தேவையில்ல, அகலமாப் போட்டா ஓரத்தால வழியிற ரெசின் (திருத்தப் பூசுற, இறுகிற பசை) பலகையில விழுந்து போர்டும் பலகையும் ஒண்டா ஒட்டிக் கிடக்கும். ஒடுக்கமா இருந்தா நிலத்தில சொட்டும், பழைய உரப் பேக்க விரிச்சு விட்டாச் சரி.

பலகைக்கு மேல மெத்தை வேணும், அதில மட்டும் கஞ்சத்தனம் பாக்காதீங்க. போர்டுக்கு உள்ளுக்க இருக்கிறது ரெஜிபோம் (டீவிப் பெட்டிக்குள்ள வாற வெள்ளை நுரை அட்டை) மாதிரி லேசான சாமான், மேல மெல்லிசா ஒரு கண்ணாடி நார்த் தோல், பலகை விளிம்பில கொஞ்சம் அமத்தினாலே பள்ளம் விழும். பழைய ரப்பர் சிலிப்பர் அட்டை ரெண்டு தட்டு வெச்சு, மேல லொறி ட்யூப வெட்டி இழுத்துச் சுத்தி, கீழ்ப்பக்கம் ஆணி அடிங்க. ரெசின் பூசக்குள்ள மட்டும் அதுக்கு மேல ஷொப்பிங் பேக் ஒண்டச் சுத்தி விடுங்க, ஒட்டாது. ஒவ்வொரு தடவையும் மெத்தையக் கையால தடவிப் பாருங்க, ட்யூபில ஒட்டின ஒரு பிடி மணல் போதும் போர்டுக்கு அடியில கீறல் போட.

உயரம் உங்கட இடுப்புப் பட்டிக்கு நேரா வரட்டும், மூண்டடிக்குக் கொஞ்சம் கூடக் குறைய. முதலாளி கட்டை, வேலை செய்யிறவன் நெட்டை எண்டா வேலை செய்யிறவன்ர அளவத்தான் எடுக்க வேணும். வைக்கக்குள்ள ரெண்டு நுனியிலயும் இருந்து நாலில ஒரு பங்கு உள்ளுக்குத் தள்ளி வைங்க, பத்தரை அடிக்கு ரெண்டரை அடி சொச்சம் வரும், நடுவில அஞ்சே கால் அடி. மூக்கில வேலையெண்டா முன் கால இன்னும் கொஞ்சம் மூக்குப் பக்கமா நகத்துங்க, வாலப் பிடிக்க ஆள் தேவைப்படாது.

கேள்வி: மீன்பிடிக்கிற போட்டுக்குப் பூசின ரெசின் வீட்டில மிச்சம் இருக்கு. அதாலயே பேடில் போர்ட் ஓட்டைய அடைச்சா என்ன? (கல்லடி வாசகர்)

பதில்: அடைக்காதீங்க. போட்டுக்குப் பாவிக்கிறது பொலியெஸ்டர் ரெசின், அதில ஸ்டைரீன் இருக்கு, அது வெள்ளை ரெஜிபோமில பட்டாக் கரைச்சிரும். ஒரு சின்ன ஓட்டைய அடைக்கப் போய் உள்ளுக்க கோப்பை அளவு பள்ளம் வந்த பிறகு அழுது வேலையில்ல. வெடிப்புக்கால ஒரு பொட்டுக் கிள்ளிப் பாருங்க, உருண்டை உருண்டையா மணி மாதிரிப் பிரிஞ்சா அது ஈபிஎஸ், அதான் அந்த வெள்ளை ரெஜிபோம், அதுக்கு எபொக்சி எண்ட வேற வகை ரெசின் மட்டுந்தான் சரி. மாப் போல உதிர்ந்து மஞ்சளடிச்சுக் கிடந்தா பொலியூரித்தேன் எண்ட வேற வகை நுரை, அதுக்கு உங்கட ரெசின் பரவாயில்ல. பேடில் போர்ட் கூடுதலா ஈபிஎஸ்தான்.

கேள்வி: காக்கா, எபொக்சி பூசி முடிச்சுப் பாத்தா கண்ணாடி நார்த் துணிக்கு அடியில கொப்புளம் கொப்புளமா வருது. நல்ல வெயிலில, ஸ்டாண்டில வெச்சுத்தான் பூசினன், கெதியாக் காயட்டுமெண்டு. (அக்கரைப்பற்று வாசகர்)

பதில்: வெயில்தான் காரணம் தம்பி. போர்ட் சூடாக உள்ளுக்க இருக்கிற காத்து விரியும், வெளிய வர வழி தேடும், வழி ஈர ரெசினுக்கால. எபொக்சிக்கு வெயில் தேவையே இல்ல, கலவையே தன்பாட்டில இறுகும், வெயிலில காயிற ரெசின் வேற சாதி. பகலெல்லாம் நிழலில வெச்சு, பின்னேரம் அசர் தொழுது போட்டு, சூடு இறங்கத் தொடங்கக்குள்ள பூசுங்க, அப்ப உள்ளுக்க இருக்கிற காத்துச் சுருங்கும், ரெசினக் கொஞ்சம் உள்ளுக்கு இழுக்கும். போர்டில காத்து விடுற சின்னத் திருகாணி இருந்தா அதையும் கழட்டி வைங்க, வேலை முடிஞ்சு தண்ணிக்க இறக்க முந்தி மறக்காம முடுக்குங்க. ஓட்டைக்கால தண்ணி போயிருந்தா ஓட்டை கீழ பாக்கிற மாதிரி நிறுத்தி வடிய விட்டு, நல்லாக் காஞ்ச பிறகுதான் இதெல்லாம்.

இன்னொண்டு, கச்சான் காத்து (மேற்கால வீசுற காத்து) காலத்தில போர்ட விளிம்பில நிறுத்தி ஓர வேலை பாக்கிறதெண்டா கட்டாமல் விடாதீங்க, பாய் விரிச்ச தோணி மாதிரி காத்து அள்ளிக்கொண்டு போயிரும். சைக்கிள் ட்யூபால காலோட சேத்துக் கட்டினாப் போதும். தேய்க்கிற தூசும் அந்தக் காத்தில முகத்துக்குத்தான் வரும், மாஸ்க் போடுங்க, முழுக்கைச் சட்டை போடுங்க, இல்லாட்டி ராவைக்குச் சொறிஞ்சு நித்திரை வராது.

கேள்வி: ட்யூப் மாதிரி காத்தடிச்சுப் பாவிக்கிற போர்டுக்கும் ஸ்டாண்ட் வேணுமா? (கல்குடா வாசகி)

பதில்: வேணாம் தங்கச்சி. முழுசாக் காத்தடிச்சு சவுக்காரத் தண்ணி பூசி நுரை எங்க கிளம்புது எண்டு பாத்து அடையாளம் போடுங்க, பிறகு காத்த இறக்கி மேசையில தட்டையா விரிச்சு ஓட்டைக்கு மேல ஒட்டுத் துண்டு ஒட்டுங்க. பிவிசி பசைய (தண்ணிப் பைப் ஒட்டுறது இல்ல, காத்துப் போர்ட் ஒட்டுறது) துண்டிலயும் போர்டிலயும் பூசி, கொஞ்சம் காஞ்சு கையில பிசுபிசுக்கிற பதத்தில வெச்சு அமத்துங்க. ஒரு நாள் போகட்டும், பிறகு காத்தடிக்கலாம்.